காட்டுக் காவலனின் புதுக் குடியேற்றம்

இடம் பெயர்வோர்க்கு என்றும் ஒரு கேள்வி உண்டு. எதைக் கட்டி எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதே அக்கேள்வி. ஊரிலிருந்து அம்மிக்கல்லையே வண்டியில் ஏற்றி வந்தோர் உண்டு. கல்லை அங்கேயே விட்டுவிட்டு, அதில் அரைத்த குழம்பின் கைப்பக்குவத்தை மட்டும் கொண்டு வந்தோரும் உண்டு. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து சந்தாபுராவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய நம் குடும்பங்கள் இக்கேள்விக்குப் பல விடைகளைக் கண்டிருக்கின்றன. இதே கேள்வி நம் பிள்ளைகளின் விளையாட்டு மேசை மீதும் எழுந்துள்ளது என்றால் பெற்றோர் சிலர் வியக்கக்கூடும். வியப்பிற்கு இடமில்லை என்பதைக் காட்டவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

விடுமுறை நாட்களில் பிள்ளைகள் நால்வர், ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பல முகங்கள் கொண்ட பகடைகளை உருட்டி, மணிக்கணக்காகக் கதை பேசுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவர்கள் ஆடுவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு. அதில் முன்பிருந்து இன்று காணாமற்போன ஒரு வீரன் உண்டு. அவனைப் புதிய பதிப்பிற்கு அழைத்து வருவது எப்படி என்பதே நம் பொருள்.

விளையாட்டின் இயல்பு

இவ்விளையாட்டு 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இதனை ஆக்கினர். ஆட்டத் தலைவர் ஒருவர் கதையின் சூழலைச் சொல்வார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்ய விரும்புவதைச் சொல்வர். அச்செயல் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். கூத்தும் தாயமும் ஒரே மேசையில் கூடினாற்போன்றது இது எனலாம்.

ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வீரவகையைச் சேர்ந்தது. வாள்வீரன், மந்திரவாதி, பாணன், துறவி எனப் பல வகைகள் உண்டு. காட்டோடும் விலங்கோடும் உறவு கொண்ட வீரவகைகள் இவ்விளையாட்டில் தொடக்க முதலே சிறப்புப் பெற்றவை. 'ரேஞ்சர்' என்னும் காட்டு வீரன் 1975-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டான். அவன் தடம் பார்ப்பவன்; வேட்டையாடுபவன். ஆயினும் நாம் தேடும் வீரன் அவனல்லன்.

வார்டன் என்னும் காவலன்

2008-ஆம் ஆண்டில் நான்காம் பதிப்பு வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக, 2009-இல் வந்த இரண்டாம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் 'வார்டன்' என்னும் புதிய வீரவகை இடம்பெற்றது. மண்ணும் மரமும் பனியும் பாறையும் தரும் ஆற்றலைத் தன் உடலில் ஏற்று, தோழர்களுக்கு முன்னே அரணாக நிற்பவன் இவ்வீரன். ரேஞ்சர் காட்டில் பகைவனைத் தேடிச் செல்வான். வார்டனோ நின்ற இடத்தில் நிற்பான்; காடே அவனிடம் வந்து சேரும்.

அவனுக்கு நான்கு சிறப்புகள் இருந்தன. முதலாவது, உயிர்வலிமை. ஒவ்வொரு படி உயரும்போதும் அவனுக்கு 7 உயிர்ப்புள்ளிகள் கூடின. இரண்டாவது, குறியிடுதல். தன்னை ஒட்டி நிற்கும் பகைவர் அனைவரையும் தன் முறையில் ஒருமுறை அவன் குறியிடலாம். குறி பெற்றவன் அவனை விட்டு மற்றொருவரைத் தாக்கினால், பகடை எண்ணில் 2 குறையும். காவலனின் பதிலடியும் விழும். மூன்றாவது, உயிரூற்று. நஞ்சு, மயக்கம் போன்ற தீங்குகளிலிருந்து விடுபட மற்றவர் தம் முறையின் முடிவிலேயே பகடை வீசுவர். இவன் முறையின் தொடக்கத்திலும் ஒருமுறை வீசலாம். நான்காவது, உருவெடுத்தல். சிறுத்தையாகவும், பனியின் தூதனாகவும், காவல் நிற்கும் மரமாகவும் அவன் உருமாறி, அப்போர் முடியும்வரை அவ்வாறே நிற்பான்.

2014-ஆம் ஆண்டில் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அதில் பன்னிரண்டு வீரவகைகள் இருந்தன. வார்டன் அவற்றுள் இல்லை. 2024-இல் அப்பதிப்பு திருத்தப்பட்டபோதும் அவன் திரும்பவில்லை. 'ட்ரூயிட்' என்னும் காட்டுப் பூசாரி தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு கிளைக்கு மட்டும் வார்டன் என்ற பெயர் சூட்டப்பட்டது. அக்கிளை அவர்க்குப் போர்க்கருவிப் பயிற்சியும் நடுத்தரக் கவசப் பயிற்சியும் தருகிறது. பெயர் மீண்டது, தொழில் மீளவில்லை.

காவல் ஏன் மெலிந்தது?

இவனைப் புதிய பதிப்பிற்குக் கொண்டுவர எண்ணுவோர் முதலில் ஓர் உண்மையை உணர வேண்டும். நான்காம் பதிப்பில் காவல் என்பது விதிகளோடு பின்னிப் பிணைந்திருந்தது. ஒரு வீரனைக் கடந்து பகைவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஓடினால், மூவரையும் அவன் அடிக்க இயலும். ஒவ்வொருவர் முறையிலும் அவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்தாம் பதிப்பிலோ ஒரு சுற்றுக்கு ஓர் எதிர்வினையே உண்டு. முதலாமவனை அடித்தவுடன் அது தீர்ந்துவிடும். மற்ற இருவரும் அச்சமின்றிக் கடந்து சென்று பின்னால் நிற்கும் மருத்துவனை வீழ்த்துவர்.

நம் ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆட்டின் பின்னே மற்றோர் ஆடு நின்றுவிட்டால் புலி தாவ இயலாது. அங்கே ஆட்டுக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. நிற்கும் இடமே அதன் காவல். நான்காம் பதிப்பு கட்டங்கள் வரைந்த ஆட்டமாதலின் அந்த இயல்பு அதனிடம் மிகுந்திருந்தது. ஐந்தாம் பதிப்பு கதையோட்டத்தையும் விரைவையும் நாடியது. கட்டம் தளர்ந்தபோது காவலும் தளர்ந்தது.

புதிய பதிப்பாளர் இக்குறையை உணராதவரல்லர். 2014-இன் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் குறியிடுதல் ஒரு விருப்ப விதியாகத் தரப்பட்டுள்ளது. 2017-இல் வந்த சனாதர்ஸ் கைடில், 'கேவலியர்' என்னும் குதிரைவீரனும், முன்னோர் ஆவிகளால் தோழரைக் காக்கும் 'பார்பேரியன்' கிளை ஒன்றும் காணப்படுகின்றன. ஆகவே கல்லும் மண்ணும் முன்பே கிடக்கின்றன. வீடு கட்டுவதே நம் வேலை.

எங்கே குடியமர்த்துவது?

பழைய வீரனைப் புதிய பதிப்பில் முழுமையான தனி வகையாக எழுதுவோர் உண்டு. இருபது படிகளுக்கும் புதிய ஆற்றல்களை எழுதி, அவற்றை ஆடிப் பார்த்துச் சரிசெய்வது பெருமுயற்சி. பள்ளித் தேர்வுக்கு இடையில் ஆடும் பிள்ளைகளுக்கு அது தாங்காது. ஏற்கெனவே உள்ள ஒரு வகையின் கிளையாக அவனைக் குடியமர்த்துவதே எளிது. அவனுக்கேற்ற வீடு பார்பேரியன் வகை என்பது எம் கருத்து.

காரணங்கள் மூன்று. பார்பேரியனின் உயிர்ப்பகடை பன்னிரண்டு முகம் கொண்டது. பகடை வீசாது நிலையான மதிப்பைக் கொள்வோர்க்குப் படிதோறும் கிடைப்பது 7 புள்ளி, அதனுடன் உடல்திறனுக்குரிய எண். பழைய வார்டனின் எண்ணும் அதே 7 அன்றோ! அடுத்து, பார்பேரியன் ஒரு நாளில் சில முறையே 'ரேஜ்' என்னும் சினநிலையை அடைகிறான். மூன்றாம் படியில் அது மூன்று முறை. வார்டனின் உருவெடுத்தலும் எப்போதாவது கைவருவதே. ஒரு போர் முழுதும் நிற்பதே. ஆகவே சினம் என்ற சொல்லை நீக்கி, உருவெடுத்தல் என்று வைத்துக்கொண்டால் போதும். மூன்றாவதாக, பார்பேரியன் தன்னைப் பகைவர்க்கு எளிய இலக்காக்கிக்கொண்டு வலிந்து தாக்கும் வழி ஒன்று உண்டு. பகைவர் கண்ணைத் தன்பால் ஈர்ப்பது காவலனுக்கு உகந்ததே.

ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். 2014-இன் விதிப்படி, ஒரு சுற்றில் யாரையும் தாக்காமலும் தானும் அடிபடாமலும் இருந்தால் சினம் அடங்கிவிடும். வாயிலில் அசையாது நிற்பவனுக்கு இது பொருந்தாது. தோழர் ஒருவர் பத்தடிக்குள் இருக்கும்வரை அவன் உருவம் கலையாது என்று மாற்றிக்கொள்ளலாம். 2024-இன் விதியில் சிறு செயலொன்றால் சினத்தை நீட்டிக்கொள்ள வழியிருப்பதால் இம்மாற்றமும் வேண்டியதில்லை.

விதிகள்

பார்பேரியனின் கிளைகளுக்கு 3, 6, 10, 14 ஆகிய படிகளில் சிறப்புகள் கிடைக்கும். அவற்றில் பின்வருமாறு அமைக்கலாம்.

மூன்றாம் படியில் குறியிடுதல். உருவெடுத்து நிற்கையில், தன் முறையில் தன்னை ஒட்டி நிற்கும் பகைவருள் தன் தேர்ச்சி எண்ணளவு பேரைக் காவலன் குறியிடலாம். மூன்றாம் படியில் அந்த எண் 2. குறி பெற்றவன் காவலனை ஒட்டி நிற்கும்வரை, பிறரைத் தாக்கினால் இரு பகடை வீசிக் குறைந்ததையே கொள்ள வேண்டும். அவ்வாறு பிறரைத் தாக்கினால், காவலன் தன் எதிர்வினையால் அவனை ஒருமுறை அடிக்கலாம். அல்லது ஐந்தடி இழுத்து, அடுத்த முறையின் முடிவுவரை அவன் வேகத்தைப் பாதியாக்கலாம்.

எண்ணிக்கைக்கு வரம்பு ஏன் என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். மருத்துவனை அடிக்கப் பகைவனுக்குப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று கொள்வோம். நூற்றுக்கு 50 வாய்ப்பு. பழைய விதிப்படி 2 குறைத்தால் வாய்ப்பு 40 ஆகும். இரு பகடை விதிப்படி அது 25 ஆகிவிடும். புதிய குறி பழைய குறியினும் மிகக் கூரியது. சூழ நிற்கும் எண்மரையும் குறியிட விட்டால் மற்றப் பாத்திரங்களுக்கு வேலையே இராது. ஒருவன் மட்டும் ஒளிர, மூவர் கொட்டாவி விடும் ஆட்டம் ஆட்டமாகாது.

ஆறாம் படியில் உயிரூற்று. முறையின் முடிவில் தப்பும் வீச்சுக்கு இடமளிக்கும் தீங்கு ஒன்றின்மீது, முறையின் தொடக்கத்திலும் காவலன் ஒருமுறை வீசலாம். தொடக்கத்தில் வென்றால் அந்த முறை வீணாகாது. தோற்றாலும் முடிவில் மற்றொரு வீச்சு உண்டு. பழைய வீரனின் உயிர்நாடி இதுவே. இதனை விட்டுவிட்டுப் பிற யாவற்றையும் கொண்டுவந்தாலும் அவன் வந்தவனாக மாட்டான்.

பத்தாம் படியில் இரண்டாம் உருவம் ஒன்றைக் கற்கிறான். பதினான்காம் படியில், குறி பெற்றோரை அடிக்கவோ இழுக்கவோ மட்டும் பயன்படும் இரண்டாம் எதிர்வினை ஒன்று சுற்றுதோறும் கிடைக்கிறது. ஐந்தாம் பதிப்பில் இழந்த காவல் அப்படியில் ஓரளவு மீளும்.

விட்டுவிட வேண்டியவையும் உண்டு. பழைய நூலில் போருக்கொன்று, நாளுக்கொன்று என வகுக்கப்பட்ட ஆற்றல்களின் நீண்ட பட்டியல் அம்மிக்கல் போன்றது. அதனைச் சுமந்து வர வேண்டா. முப்பது படிகளுக்கென வகுத்ததை இருபது படிகளில் திணித்தால் விதிப்புத்தகம் பருக்கும், ஆட்டம் நின்றுவிடும்.

நம் நிலத்தின் காவலன்

இதுவரை சொன்னது விதி. இனிச் சொல்வது உயிர்.

காத்து நிற்கும் வீரனைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. பகைவர் ஆநிரையைக் கவர்வோர் வெட்சிப் பூச்சூடினர். அதனை மீட்போர் கரந்தை சூடினர். மதிலை வளைப்போர் உழிஞை சூட, மதிலைக் காப்போர் நொச்சி சூடினர். போரைப் பூவால் பெயரிட்டு, அகத்திணை ஒவ்வொன்றுக்கும் இணையாகப் புறத்திணை ஒன்றை வகுத்த மரபு நம்முடையது. வெட்சி, மலைநிலமாகிய குறிஞ்சிக்குப் புறன் எனப்பட்டது. இயற்கையோடு இயைந்த வீரன் நமக்கு இறக்குமதிப் பொருளன்று.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. தொல்காப்பியம் வகுத்த புறத்திணைகள் ஏழு. அவற்றுள் கரந்தை தனித்திணை அன்று, வெட்சிக்குள் அடங்கியது. நொச்சியும் உழிஞைக்குள் அடங்கியது. பிற்காலத்தில் ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையில் திணைகள் பன்னிரண்டாயின. கரந்தையும் நொச்சியும் தனித்திணைகளாக எழுந்து நின்றன. ஒரு நூலில் கிளையாக இருந்த காவலன் மற்றொரு நூலில் தனிவகை ஆனான். அமெரிக்க விளையாட்டிலோ தனிவகையாக இருந்தவன் கிளையாகிறான். வகுப்பு மாறினும் வீரன் மாறவில்லை. பதிப்பு மாறும்போது இலக்கணம் மாறும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆகவே நம் பிள்ளைகள் தம் காவலனுக்குக் கரந்தை வீரன் என்றே பெயரிடலாம். அவன் எடுக்கும் உருவங்கள் ஐந்திணையின் உருவங்களாக இருக்கட்டும். குறிஞ்சி உருவெடுத்தவனை எவரும் தள்ளவோ வீழ்த்தவோ இயலாது, அவன் பாறை. முல்லை உருவெடுத்தவனைச் சுற்றிப் பத்தடி நிலம் பகைவர்க்குப் புதர்க்காடாகி, ஓரடி வைக்க ஈரடி உழைப்பு வேண்டும். மருத உருவம் எடுக்கும்போது அருகிலுள்ள தோழர் ஒருவர், காவலன் நிற்கும் படியின் எண்ணளவு தற்காலிக உயிர்ப்புள்ளி பெறுவார். அது வயலின் ஈகை. நெய்தல் உருவினன் தான் அடித்த பகைவனை அலைபோல ஐந்தடி இழுத்து வருவான். பாலை உருவினனுக்கு நெருப்பின் தீங்கு பாதியே. மூன்றாம் படியில் ஒன்றையும் பத்தாம் படியில் மற்றொன்றையும் அவன் தேர்ந்துகொள்வான். எந்த நிலத்தைத் தேர்வது என்று பிள்ளை கேட்கும்போது, நம் ஊர் எந்நிலத்தது என்ற கேள்வியும் உடன் பிறக்கும். அதற்கு விடை சொல்லத் தாத்தாவும் பாட்டியும் மேசையருகே வர நேரும்.

அக்கம்பக்கத்துக் கற்கள்

இவ்வீரரைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. ஆநிரை மீட்டு மாண்டவர்க்கும், புலியோடு பொருது பட்டவர்க்கும் எடுத்த கற்கள் அவை. செங்கம் நடுகற்களைப் பற்றிய நூல் 1972-இல் வெளிவந்தது. எல்லைக்கு இப்பாலும் இதே மரபு உண்டு. கன்னடத்தில் இவற்றை வீரகல்லு என்பர். நமக்கு அண்மையிலுள்ள பேகூரில், ஏறத்தாழக் கி.பி. 890-ஐச் சேர்ந்த கன்னட வீரக்கல் ஒன்றில் பெங்களூரு என்னும் பெயர் காணப்படுகிறது. இம்மாநகரின் பெயரை நமக்குச் சொல்லும் பழைய சான்று, போரில் பட்ட ஒரு வீரனின் கல்!

இதனை நம் பிள்ளைகள் அறிவது நன்று. அவர்களுடைய மேசையில் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இருப்பதில்லை. கன்னடம் பேசும் பிள்ளையும் தெலுங்கு பேசும் பிள்ளையும் உடன் அமர்வர். கரந்தை வீரனும் வீரகல்லின் வீரனும் ஒரே காட்டின் இரு கரையில் நின்றவர்கள். ஆனேக்கல், தளி, ஓசூர்க் காடுகளில் நடமாடும் யானைக்கு மாநில எல்லை தெரியாது. இம்மேசையில் பகைவன் யார் என்பதை ஆட்டத் தலைவர் எண்ணித் தேர்ந்தால், ஆட்டம் முடிந்த பின்னும் நட்பு நிற்கும். ஒரு மொழியினரை வீரராகவும் மற்றொரு மொழியினரைக் கள்வராகவும் வைத்துக் கதை கட்டுதல் கூடாது.

மற்றொரு தயக்கமும் பெற்றோர் சிலர்க்கு எழலாம். நடுகல் வழிபாட்டிற்குரியது, இன்றும் பொங்கலிட்டு வணங்கும் குடும்பங்கள் உள்ளன. அதனைப் பகடையாட்டத்தில் சேர்ப்பது தகுமா? தகும் என்றே எண்ணுகிறோம். தெருக்கூத்தில் வேடமிட்டு ஆடியபோது நம் வீரர் சிறுமைப்படவில்லை. ஆனால் ஒரு வரம்பு வேண்டும். உண்மையான கல்லில் உள்ள பெயரை எடுத்துப் பாத்திரமாக்குதல் வேண்டா. அவர் யாரோ ஒருவர்க்கு முன்னோர். வீரவகை பொதுவானது, பெயரைப் பிள்ளைகளே புனைந்துகொள்ளட்டும்.

ஆடிப் பார்க்குமுன்

விதி எழுதியவுடன் வேலை முடிந்ததன்று. மூன்று ஆட்டங்களேனும் ஆடிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வோர் ஆட்ட முடிவிலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பகைவன் காவலனை விட்டு விலகத் தயங்கினானா? மற்றப் பாத்திரங்களுக்கு அவரவர் பங்கு கிடைத்ததா? காவலனின் முறை வந்தபோது ஆட்டம் தேங்கியதா? முதல் கேள்விக்கு இல்லை என்ற விடை வந்தால் குறியை வலிதாக்குக. இரண்டாவதற்கு இல்லை என்றால் குறியின் எண்ணிக்கையைக் குறைக்க. மூன்றாவதற்கு ஆம் என்றால் விதியைச் சுருக்குக.

வீட்டில் ஆடுவதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை. எழுதியதை அச்சிட்டுப் பிறர்க்கு வழங்க எண்ணினால் மட்டும் கவனம் தேவை. 2009-ஆம் ஆண்டு நூலின் வாசகங்களைப் பெயர்த்தெழுதுதல் முறையன்று. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 சனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு அதனை எவரும் பயன்படுத்தலாம். அதன்மேல் நம் சொல்லில் எழுதும் விதி நமக்கே உரியது. தமிழில் எழுதினால் இன்னும் நன்று. உயிர்ப்புள்ளி, எதிர்வினை, தப்பும் வீச்சு போன்ற சொற்களைப் பிள்ளைகளே ஆக்கிப் பழகுவர். வீட்டில் தமிழ் பேசியும் எழுதத் தயங்கும் பிள்ளைக்கு, தன் வீரனுக்கென ஒரு பக்கம் எழுதுவது பாடநூல் தராத பயிற்சி.

பழைய பதிப்பை நேசித்தவர் அதன் ஒவ்வொரு வரியையும் கொண்டுவர விரும்புவர். புதிய பதிப்பை நேசிப்பவர் பழையது எதுவும் வேண்டா என்பர். இருவர்க்கும் நடுவே நின்று, எது உயிர், எது உடை என்று பிரித்தறிதல் வேண்டும். உயிர்வலிமையும் குறியும் உயிரூற்றும் உருவமும் வந்து சேர்ந்தால் காவலன் வந்துவிட்டான். பட்டியல்கள் பழைய வீட்டிலேயே இருக்கட்டும். இப்பிரித்தறிவு மேசையில் கைவந்த பிள்ளைக்கு, வாழ்க்கையில் ஊர் மாறும்போதும் அது கைகொடுக்கும். வரும் விடுமுறையில் நம் பிள்ளைகளின் மேசையருகே சற்று அமர்ந்து, அவர்களுடைய காவலன் எந்நிலத்தான் என்று கேட்டுப் பார்ப்போமாக.